சாரதி யார்? ஒரு சொல்லின் வேரைத் தேடிப் பிடிக்கும் முறை

ஓட்டுநர் உரிமத்துக்காக மத்திய அரசு நடத்தும் இணையதளத்தின் பெயர் சாரதி. வண்டிப் பதிவுக்கானது வாகன். கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பாலக்காடு–பொள்ளாச்சி சாலையை ஒட்டிய ஓர் அக்ஷயா மையத்தில் (கேரள அரசின் இணையச் சேவை மையம்) விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை என்பதால், நாள் முழுக்க இந்தப் பெயர் கண்ணெதிரே நிற்கும். இந்தப் பக்கத்துக்காரர்கள் ‘லேர்னர்ஸ் எடுக்கணும்’ என்று வருவார்கள். எல்லையில் உள்ள கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சியில் பழகியவர்கள் ‘எல்.எல்.ஆர். போடணும்’ என்பார்கள். இரண்டும் ஒன்றுதான், இரண்டுக்கும் திறக்க வேண்டியது சாரதியைத்தான். தேங்காய் லோடு ஏற்றும் ஒரு தம்பி கேட்டான்: “ஏனுங்கக்கா, சாரதி சாரதிங்கறீங்களே, அவரு ஆர்டிஓ ஆபீசருங்களா?”

நல்ல கேள்விதான். சாரதி என்றால் தேரோட்டி என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் ஏன் தேரோட்டி? அந்தச் சொல்லுக்குள் தேர் எங்கே இருக்கிறது, ஓட்டுவது எங்கே இருக்கிறது? நான் சித்தூர் கல்லூரியில் தமிழ் படித்தவள் (பாலக்காட்டுச் சித்தூரைச் சொல்கிறேன், ஆந்திரச் சித்தூரை இல்லை). கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் சொற்களைத் துருவுவது என் பொழுதுபோக்கு. அதை எப்படிச் செய்வது என்று கேட்பவர்களுக்காக, சாரதியையே எடுத்துக்காட்டாக வைத்து எழுதுகிறேன். ஒரு செல்போனும் கொஞ்சம் பொறுமையும் போதும், காசு செலவில்லை.

முதலில் அகராதியைத் தொடாதீர்கள்

எல்லோரும் நேரே அகராதிக்குத்தான் ஓடுவார்கள். வேண்டாம். சொல் இன்றைக்கு எங்கெல்லாம் புழங்குகிறது என்று முதலில் திரட்டுங்கள். எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு இது எளிது, ஒரே சொல் நாலு வேடத்தில் எதிரே வரும்.

மலையாளப் பத்திரிகையில் ஏதாவது சங்கத்துக்குத் தேர்தல் நடந்த செய்தியைப் பாருங்கள். ‘புதிய சாரதிகள்’ என்று தலைப்புப் போட்டு, தலைவர், செயலாளர், பொருளாளர் படம் போட்டிருப்பார்கள். பொறுப்பேற்று நடத்துவதற்கு ‘சாரத்யம்’ என்பார்கள். ஆந்திர எல்லையில், நகரியில் கட்டிக் கொடுத்த என் சித்தி மகள் வீட்டுக்குப் போனால், தெலுங்குப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் கிரிக்கெட் அணித் தலைவர்தான் சாரதி. இலங்கைத் தமிழில் பஸ் ஓட்டுபவரும் லாரி ஓட்டுபவரும் சாரதி. அங்கே லைசென்ஸுக்குப் பெயரே ‘சாரதி அனுமதிப்பத்திரம்’. தமிழ்நாட்டில் அரசாங்கக் காகிதத்தில் ‘ஓட்டுநர்’, பேச்சில் டிரைவர். சாரதி அங்கே பெரும்பாலும் ஆள் பெயருக்குள் ஒதுங்கிவிட்டது. பார்த்தசாரதி, விஜயசாரதி, வெறும் சாரதி.

(இடையில் ஒன்று. ‘ஓட்டுனர்’ என்று எழுதாதீர்கள். பெறுநர், அனுப்புநர், இயக்குநர் மாதிரி அதுவும் ‘நர்’ விகுதிதான். விண்ணப்பம் நிரப்புகிறவள் என்பதால் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.)

இப்படித் திரட்டினால் என்ன லாபம்? சொல்லின் பொருள் எந்தப் பக்கமெல்லாம் நகர்ந்திருக்கிறது என்று தெரியும். தேர், பஸ், சங்கம், கிரிக்கெட் அணி எல்லாவற்றிலும் மாறாத ஒன்று இருக்கிறது: கூட்டத்தில் ஒருவராக உள்ளேயே இருந்து அதை நடத்துகிறவர். கிரிக்கெட் கேப்டன் களத்துக்கு வெளியே நின்று கட்டளை போடுவதில்லை, அவரும் மட்டை பிடிக்க வேண்டும். இதை ஒரு மூலையில் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

மலையாள எழுத்தில் ஒரு முறை எழுதிப் பாருங்கள்

நம் ஊர்க்காரர்களுக்கு வாய்த்த பெரிய வசதி இது. வடமொழியில் தகரத்துக்கு நாலு எழுத்து. தமிழில் ஒன்றே ஒன்று. தமிழுக்கு அது குறை இல்லை, நம் ஒலிக்கு அது போதும். ஆனால் வடமொழியிலிருந்து வந்த சொல்லைத் தமிழில் எழுதும்போது வேறு வேறான சொற்கள் ஒரே முகமாகிவிடும். சாரதி, பாரதி, ரதி, சாரதா ஆகிய நான்கையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். ஒரே குடும்பம் மாதிரி இருக்கிறதா? மலையாளத்தில் எழுதினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மன்மதன் மனைவி ரதிக்கு வருவது நாலில் முதல் த. பாரதிக்கும் அதே முதல் த, ஆனால் முன்னால் உள்ள பா நாலாவது பகரம். சாரதாவுக்கு வருவது மூன்றாவது த, முதலெழுத்தும் வேறு, சிவனுக்கு எழுதுகிற ச. சாரதிக்கு வருவதோ சரஸ்வதிக்குப் போடும் ஸகரமும், மூச்சு விட்டுச் சொல்கிற இரண்டாவது தகரமும். அந்த இரண்டாவது தகரம் வேறு எங்கே வருகிறது என்று பாருங்கள்: ரதம். ரதோத்ஸவம். தசரதன். அவ்வளவுதான், கதவு பாதி திறந்துவிட்டது. சாரதிக்குள் ஒளிந்திருப்பது ரதம், ரதி இல்லை.

காதை நம்பாதீர்கள், எழுத்தைப் பாருங்கள். மலையாளிகள் கதையைக் ‘கதா’ என்று எழுதும்போது அதே இரண்டாவது தகரம் போட்டு, வாயில் மெல்லிய த-வாகத்தான் சொல்வார்கள். ஆந்திரத்தில் இன்னொரு சங்கடம். அங்கே கடைப் பலகையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் சாரதிக்கு நாலாவது தகரம் போட்டு எழுதியிருப்பது சாதாரணம், ரதத்துக்கும் அப்படித்தான். ஆங்கிலத்திலும் அதே ஒலிக்கு ஏற்ப எழுத்தைக் கூட்டிக்கொள்வார்கள். அது பேச்சு வழக்கு எழுத்துக்குள் வந்தது. அகராதியில் பார்த்தால் இரண்டாவதுதான். ஆகவே பலகையில் பார்த்ததை அகராதியில் சரிபார்க்காமல் முடிவு கட்ட வேண்டாம்.

இனி அகராதி

தமிழுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்து, 1939-இல் அநுபந்தமும் வந்தது. வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து முடித்த வேலை. சமஸ்கிருதத்துக்கு மோனியர் வில்லியம்ஸின் 1899 பதிப்பு. முன்னதைச் சிக்காகோ பல்கலைக்கழகத் தளத்திலும் பின்னதைக் கொலோன் பல்கலைக்கழகத் தளத்திலும் இலவசமாகத் தேடலாம். மலையாளம் வாசிக்கத் தெரிந்தால் ஸ்ரீகண்டேஸ்வரத்தின் சப்ததாராவலி என்கிற மலையாள அகராதியும் கை கொடுக்கும்.

லெக்சிகனில் ஒரு சொல்லை எடுத்ததும் பொருளுக்குப் போகாதீர்கள். தலைச்சொல்லுக்குப் பக்கத்தில், கிடைமட்டமாகப் படுத்த கூரம்பு மாதிரி ஒரு குறி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் குறிக்குப் பின்னால் இருப்பதுதான் சொல் எந்த மொழிச் சொல்லிலிருந்து வந்தது என்கிற தகவல், ரோமன் எழுத்தில், மேலே கோடும் கீழே புள்ளியுமாக இருக்கும். அதை அப்படியே நகல் எடுத்துக் கொலோன் தேடலில் ஒட்டினால், வடமொழிப் பக்கம் திறந்துவிடும். நான் பார்த்தவரையில் பாதிப் பேர் இந்தக் குறியைக் கவனிக்காமலே போகிறார்கள். பிறகு வாட்ஸப்பில் வந்த விளக்கத்தைப் பார்த்து ஆச்சரியப்படுகிறார்கள்.

மோனியர் வில்லியம்ஸில் சாரதிக்கு எதிரே ஒரே ஒரு குறிப்பு இருக்கிறது: ‘சரத’ என்பதிலிருந்து. இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும்.

பிரித்துப் பார்த்தல்

கல்யாணப் பத்திரிகையில் ‘சகுடும்ப சமேதராக’ வரச் சொல்கிறார்களே, அந்த ‘ச’-வை நினைத்துக்கொள்ளுங்கள். ச + குடும்பம், குடும்பத்தோடு. அதே ‘ச’ ரதத்துக்கு முன்னால் வந்தால் ச + ரதம், தேரோடு, அல்லது ஒரே தேரில். இது ஊகம் இல்லை, பழைய பாட்டிலேயே இருக்கிறது. ரிக்வேதத்தின் மூன்றாம் மண்டலம் நான்காம் பாடலில் அக்னியைக் கூப்பிடும்போது, இந்திரனோடும் தேவர்களோடும் ‘சரதம்’ வா, அதாவது ஒரே தேரில் ஏறி வா, என்று வருகிறது.

சரி, சரதம் எப்படிச் சாரதி ஆயிற்று? முதல் எழுத்து நீண்டிருக்கிறது, கடைசியில் இகரம் ஏறியிருக்கிறது. இதே மாற்றம் உங்களுக்குத் தெரிந்த பெயர்களில் இருக்கிறது. தசரதன் மகன் தாசரதி. சுமித்திரை மகன் சௌமித்திரி. மகாபாரதத்தைக் காட்டில் முனிவர்களுக்குச் சொன்ன கதைசொல்லி உக்கிரசிரவஸ், அவர் சூதரின் மகன், அதனால் சௌதி. தசரதன்–தாசரதி, சரதம்–சாரதி என்று ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். இகரம் ஏறாமல் முதலெழுத்து மட்டும் மாறுவதும் உண்டு: பிருதையின் மகன் பார்த்தன், வசுதேவன் மகன் வாசுதேவன். இந்த வரிசையில் பெரும்பாலானவை ‘இன்னார் மகன்’ என்று பொருள் தருபவை. சாரதியில் மகன் யாரும் இல்லை, ஆனால் ‘அதைச் சேர்ந்தவன்’ என்கிற உறவு அதேதான். சரதத்தைச் சேர்ந்தவன் சாரதி. ஒரே தேரில் கூட நிற்பவன்.

ஆக, கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: சொல்லுக்குள் தேர் இருக்கிறது, ஓட்டுவது இல்லை. ஓட்டுவது அவன் வேலை. ஆனால் பெயர் வேலையால் வரவில்லை, தேரைப் பகிர்ந்துகொள்வதால் வந்தது. தேரில் வில்லெடுப்பவன் ஒருவன், கடிவாளம் பிடிப்பவன் ஒருவன். ஒருவன் இல்லாமல் இன்னொருவனால் ஆகாது. ரிக்வேதத்தின் ஆறாம் மண்டலத்தில் ஆயுதங்களைப் புகழ்கிற 75-ஆம் பாடலில் வில்லுக்கும் அம்புக்கும் இருக்கிற மரியாதை நல்ல சாரதிக்கும் உண்டு. தேரில் நின்றபடி, நினைத்த இடத்துக்கெல்லாம் குதிரைகளை முன்னே செலுத்துகிறான் என்று அவனைச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் கடிவாள வாரைப் புகழ்கிறது. கடோபநிஷத்தில் உடம்பு தேர், ஆன்மா தேரில் அமர்ந்தவன், புத்தி சாரதி, மனம் கடிவாளம் என்று வரும். அங்கேயும் சாரதி தேருக்கு வெளியே இல்லை.

வடமொழி இலக்கணக்காரர்கள் இன்னொரு வழியும் சொல்லி வைத்திருக்கிறார்கள். ‘நகர்தல்’ என்று பொருள்படும் வேரிலிருந்து, குதிரைகளை நகரச் செய்கிறவன் என்று. ஆப்தேயின் அகராதியில் இரண்டு விளக்கமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், அங்கே ‘சரத’ என்பதற்குத் தேரோடு பூட்டிய குதிரை என்றும் பொருள் சொல்லியிருப்பார்கள். உங்களுக்கு இரண்டு விளக்கம் கிடைத்தால் என்ன செய்வது? எது அந்தச் சொல்லின் எல்லா எழுத்துக்கும் கணக்குச் சொல்கிறது, எதற்குப் பக்கத்தில் அதே அச்சில் வேறு சொற்கள் இருக்கின்றன என்று பாருங்கள். நகர்தல் வேரை எடுத்தால் ‘அதி’ என்கிற வாலைத் தனியாக ஒட்ட வேண்டியிருக்கிறது. ரதம் பக்கத்திலேயே நிற்கும்போது எதற்கு அந்தச் சுற்றுவழி? என் ஓட்டு தேர்ப் பக்கத்துக்கே.

ரதம் என்கிற சொல்லின் தாயாதிகள் வெகுதூரம் போயிருக்கிறார்கள். லத்தீனில் சக்கரத்துக்கு ‘ரோதா’, லித்துவேனிய மொழியில் ‘ராதஸ்’. அந்த லத்தீன் வழியில் வந்ததுதான் சுழல்வது என்று பொருள்படும் ‘ரோட்டரி’. நம் ஊர் ரோட்டரி கிளப் பலகையில் சக்கரம் போட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், தேரும் அதுவும் ஒன்றுவிட்ட உறவு என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

அழகாக இருக்கிற விளக்கத்தைச் சந்தேகப்படுங்கள்

‘சார்ந்து நிற்பவன் சாரதி’ என்று ஒருவர் சொல்வார். ‘சாரத்தை அறிந்தவன்’ என்பார் இன்னொருவர். பட்டிமன்றத்தில் கை தட்டு வாங்கலாம். சொல்லாராய்ச்சிக்கு ஆகாது. முதல் விளக்கம் தமிழ்ச் ‘சார்’ என்பதில் வடமொழி வாலை ஒட்டுகிறது. இரண்டாவது, இரண்டாவது தகரத்தைக் கண்டுகொள்வதே இல்லை. தமிழில் ‘சரதம்’ என்றே வேறொரு சொல் இருக்கிறது, உண்மை, உறுதி என்று பொருள். லெக்சிகனில் அதைக் கண்டுபிடித்து ‘உண்மையுள்ளவன் சாரதி’ என்று கிளம்புகிறவர்களும் வருவார்கள். ஒரே மாதிரி எழுதியிருப்பதாலேயே இரண்டு சொல் உறவாகிவிடாது. பேருந்தில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவரெல்லாம் நம் மாமா ஆகிவிடுவாரா?

எளிய சோதனை ஒன்று. விளக்கம் சொல்பவரிடம், “இதே மாதிரி வேறு ஒரு சொல் காட்டுங்க” என்று கேளுங்கள். தாசரதி, சௌமித்திரி, சௌதி என்று காட்ட முடிந்தால் சரி. இல்லையென்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஆளை வைத்துச் சோதியுங்கள்

ஒரே பொருள் போலத் தெரிகிற இரண்டு சொற்களைப் பிரிக்க, தெரிந்த ஆட்களை அவற்றில் நிறுத்திப் பார்ப்பது நல்ல முறை. நிகண்டிலும் அகராதியிலும் சாரதிக்குப் பக்கத்தில் ‘சூதன்’ என்று போட்டிருக்கும். இரண்டும் தேரோட்டியா? மகாபாரத ஆட்களைக் கூப்பிடுவோம்.

கண்ணன் அர்ச்சுனனுக்குச் சாரதி. அவனை யாராவது சூதன் என்பார்களா? மாட்டார்கள், அவன் யாதவன். கர்ணனை ஊரே சூதபுத்திரன் என்று ஏசியது, வளர்த்த தகப்பன் அதிரதன் சூதன் என்பதால். ஆனால் கர்ணன் யாருக்கும் சாரதி இல்லை, அவன் வில்லெடுத்தவன். சஞ்சயன் சூதன். திருதராஷ்டிரனுக்குப் போரைச் சொன்னவன் என்றுதான் அவனை நாம் நினைக்கிறோம். ஆக, சாரதி என்பது அந்த நேரத்தில் செய்கிற வேலை. சூதன் என்பது பிறப்பை வைத்து ஒட்டிய பெயர். மனுஸ்மிருதி சத்திரியத் தகப்பனுக்கும் பிராமணத் தாய்க்கும் பிறந்தவனைச் சூதன் என்று வகுத்துவிட்டு, சூதர்களுக்குக் கொடுக்கும் தொழில் குதிரையும் சாரத்யமும். மலையாளப் பத்திரிகையில் பார்த்தோமே, அதே சாரத்யம்.

இந்த வேறுபாடு தெரிந்தால் கதையே வேறு மாதிரி கண்ணில் படும். கர்ணனுக்குத் தேரோட்டச் சொன்னதும் மத்திர நாட்டு அரசன் சல்லியனுக்கு ஏன் அவ்வளவு கோபம்? முடிசூடியவனைப் பார்த்துச் சூத மகனுக்கு ஓட்டு என்றால் கோபம் வராதா? கண்ணன் அதையே தானாக ஏற்றுக்கொண்டதுதான் பெரிய விஷயம். திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி உற்சவர் முகத்தில் உள்ள தழும்புகள் பீஷ்மரின் அம்பு பட்டவை என்று சொல்வது வழக்கம். ஒரே தேரில் நின்றவனுக்கு அம்பும் பங்குதானே. நம் பக்கம் பம்பைக் கரையில் ஆறன்முளையிலும் பார்த்தசாரதிதான். மலைநாட்டுத் திருப்பதிகளில் அது ஒன்று.

எல்லாச் சாரதியும் தாழ்ந்த இடத்தில் இருந்ததாகவும் நினைக்க வேண்டாம். தசரதனின் சுமந்திரன் தேரும் ஓட்டினான், மந்திரியாகவும் இருந்தான். இந்திரனுக்கு மாதலி, சூரியனுக்கு அருணன்.

தமிழில் சூதர் வேறு ஒரு வேலையில் வருவார்கள். தொல்காப்பியத்தில் ‘சூதர் ஏத்திய துயிலெடை நிலை’ என்று ஒரு துறை, தூங்கும் அரசனைப் புகழ்ந்து பாடி எழுப்புவது. மதுரைக்காஞ்சியில் ‘சூதர் வாழ்த்த மாகதர் நுவல’. நின்று பாடினால் சூதர், உட்கார்ந்து பாடினால் மாகதர் என்று உரைகாரர்கள் பிரிப்பார்கள். தேரில் கூடவே போனவர்கள், நடந்ததைப் பார்த்தவர்கள், அதைப் பாட்டாக்குகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் சஞ்சயனும் சௌதியும் பொருந்திவிடுகிறார்கள். சூதாட்டத்தோடு மட்டும் முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். அது வேறு சூது.

நம் சொல் என்ன என்று மறக்காமல் தேடுங்கள்

ஒரு வடமொழிச் சொல்லைத் துருவும்போது, அந்த வேலைக்குத் தமிழில் என்ன சொல் இருந்தது என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் வேலை பாதிதான்.

சங்கப் பாட்டில் தேர் ஓட்டுகிறவன் பாகன், வலவன். முல்லைத் திணையில் போர் முடிந்து வீடு திரும்பும் தலைவன், சீக்கிரம் ஓட்டு என்று பாகனை அவசரப்படுத்திக்கொண்டே இருப்பான். ஐங்குறுநூற்றில் இதற்கென்றே ‘தேர் வியங்கொண்ட பத்து’ என்று பத்துப் பாட்டு. பேயனார் பாடியவை. ஐங்குறுநூற்றைத் தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை, சேர அரசன். இந்தப் பக்கத்துக்காரி என்பதால் இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமை, இருக்கட்டும்.

பாகன் தேருக்கும் உண்டு, யானைக்கும் உண்டு. பாலக்காட்டுக் கல்பாத்தித் தேரில் இரண்டும் ஒரே இடத்தில் சேரும். ஐப்பசிக் கடைசியில் விசுவநாத சுவாமி தேர் அக்ரகாரத் தெருவில் வரும்போது, முன்னால் ஆட்கள் வடம் பிடிப்பார்கள், பின்னால் யானை நெற்றியை வைத்து முட்டித் தள்ளும். தேர் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றுவிட்டால், வடம் பிடித்தவர்கள் கத்துவதை யாரும் கேட்க மாட்டார்கள். எல்லோரும் திரும்பிப் பார்ப்பது யானையின் காதோரம் நிற்கிற ஆளை. அவர் கோலால் மெல்லத் தட்டி ஒரு வார்த்தை சொல்வார். யானை தலையைச் சற்றே சாய்த்து மறுபடி ஊன்றும். சக்கரம் கிறீச்சென்று அரை அடி நகரும். அதற்குப் பிறகுதான் வடக்காரர்களுக்கு வேலை. அந்த நேரத்தில் தேர்ப்பாகன் யார், யானைப்பாகன் யார்? இரண்டும் அவரே. மலையாளத்தில் அவரைப் ‘பாப்பான்’ என்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து தேர் பார்க்க வரும் உறவுக்காரர்களுக்கு இந்தச் சொல்லை முன்கூட்டியே விளக்கிவிடுவது நல்லது.

வலவன் எனக்கு இன்னும் பிடித்த சொல். புறநானூற்று 27-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், புகழோடு வாழ்ந்தவர்கள் ‘வலவன் ஏவா வான ஊர்தி’ ஏறிப் போவார்கள் என்கிறார். ஓட்டுபவன் இல்லாமலே வானில் போகிற ஊர்தி. இன்றைக்கு டிரோனுக்குத் தமிழ்ப் பெயர் வேண்டுமென்றால் அந்த வரியையே எடுத்துக்கொண்டு ‘வலவன் ஏவா வானூர்தி’ என்று எழுதுகிறார்கள். வலம் என்றால் வலிமை, வெற்றி, வலப்பக்கம். இங்கேயும் ஒரு வழுக்கல் இருக்கிறது. தேரோட்டிக்கு வடமொழியில் ‘இடப்பக்கம் நிற்பவன்’ என்று பொருள்படும் ‘சவ்யேஷ்டா’ என்று ஒரு சொல் உண்டு. உடனே, ‘ஆகா, அவர்களுக்கு இடப்பக்கம், நமக்கு வலப்பக்கம், அதனால்தான் வலவன்’ என்று மனம் தாவும். தாவட்டும், ஆனால் எழுதிவிடாதீர்கள். தமிழ்த் தேரில் ஓட்டுபவன் வலப்பக்கம் நின்றான் என்று ஒரு பாட்டாவது காட்ட முடிந்தால் எழுதலாம். அதுவரை, வல்லமை உள்ளவன் என்கிற எளிய பொருளோடு நிற்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

எழுதி வைக்கும் முறை

கண்டுபிடித்ததை நோட்டில் பத்தி பத்தியாக எழுதினால் மறுபடி தேட முடியாது. ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் இதற்கு அருமையான அட்டை, கனமாகவும் இருக்கும். மேலே சொல், அடுத்து மலையாள எழுத்தில் அதே சொல், பிறகு பிரிப்பு, அதே அச்சில் உள்ள வேறு சொற்கள், மிகப் பழைய ஆட்சி, இன்றைய ஆட்சி, தள்ளிய விளக்கங்கள், தமிழ்ச் சொல். தள்ளியதையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அதே விளக்கம் புதிதுபோல வந்து நிற்கும், நாமும் புதிதுபோல மயங்குவோம்.

என் அட்டையில் இருப்பது இது:

சாரதி. ஸகரம், இரண்டாம் தகரம். ச + ரதம் = சரதம், ஒரே தேரில்; சரதம் + இ = சாரதி. அதே அச்சு: தாசரதி, சௌமித்திரி, சௌதி. பழைய ஆட்சி: ரிக்வேதம் 6.75, ‘சரதம்’ 3.4. இன்று: இலங்கையில் வண்டி ஓட்டுநர், மலையாளத்தில் சங்கப் பொறுப்பாளர், தெலுங்கில் அணித் தலைவர், லைசென்ஸ் இணையதளம். தள்ளியவை: சார் + அதி, சாரம் அறிந்தவன், சரதம் = உண்மை. சூதன் வேறு, தனி அட்டை பார்க்க. தமிழ்: பாகன், வலவன், தேரோட்டி, அரசு வழக்கில் ஓட்டுநர்.

தேங்காய் லோடு தம்பிக்கு இவ்வளவும் சொல்லவில்லை. “வண்டியில கூடவே இருந்து ஓட்டறவருப்பா” என்றேன். “அப்ப கிளீனருங்களா?” என்றான். பாதி சரி என்றேன். கிளீனருக்கு இன்னும் அட்டை போடவில்லை.